கடலைத் தோலை எண்ணிய நண்டு

கரட்டுக்காட்டின் ஓரத்தில் ஒரு குளம் இருந்தது. அதன் கரையில் பூவாயி என்ற பெருச்சாளி மண்ணில் வளை தோண்டி வாழ்ந்தது. பக்கத்து வளையில் அடைக்கலம் என்ற நண்டு இருந்தது. அது கூச்ச சுபாவம் உள்ள நண்டு. யாராவது உரக்கப் பேசினாலே உள்ளே போய்விடும்.

ஆண்டுதோறும் ஐப்பசி மழையில் குளம் நிரம்பிக் கரைமேல் வழியும். மண் வளைகள் எல்லாம் முழுகிவிடும். மேட்டில் இருந்த பாறைப் பொந்து ஒன்றுதான் நனையாது. பூவாயி அதற்குள் போய்த் தங்கும். போகும்போது நண்டையும் முதுகில் ஏற்றிக்கொள்ளும். இல்லையென்றால் வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். இப்படி மூன்று மழைக்காலம் தன்னைச் சுமந்ததை அடைக்கலம் மறக்கவில்லை.

அந்த ஆண்டு காட்டோர வயலில் கடலை அமோகமாக விளைந்தது. பூவாயி நாளுக்கு முப்பது காய் தின்றது. புரட்டாசி முதல் நாள், பொந்தைப் பார்த்து வரலாம் என்று மேட்டுக்குப் போனது. தலை நுழைந்தது. முன்கால்கள் நுழைந்தன. வயிறு நுழையவில்லை!

அடைக்கலம் ஒரு கோரைத் தண்டை எடுத்து, தன் கொடுக்கின் அகலத்தையே அளவாக வைத்து அளந்தது.

"அக்கா, வாசல் எட்டுக் கொடுக்கு அகலம். உன் வயிறு பத்துக் கொடுக்கு."

"பாறையைத் தோண்ட முடியாதே! மழைக்கு ஒரு மாதம்தானே இருக்கிறது!" என்று பூவாயி அழாக்குறையாகச் சொன்னது.

குளத்தில் இருந்த தாளமுத்து என்ற தவளை தலையை நீட்டியது. "இதற்கா அழுகிறாய், குந்தாணி அக்கா? குளத்தைச் சுற்றி ஓடு! தானாக இளைத்துவிடுவாய். நான் சுற்றுகளை எண்ணுகிறேன்!"

பூவாயி ஓடத் தொடங்கியது. முதல் நாள் ஒரு சுற்று. அதற்கே நாக்குத் தள்ளியது. இரண்டாம் நாள் இரண்டு சுற்று. ஆறாம் நாள் ஆறு சுற்று. அதன் பிறகு தினமும் ஆறு.

ஓடி முடித்ததும் பசி பிடுங்கித் தின்றது.

"சாப்பிடு அக்கா! ஓடின உடம்பு கேட்கத்தான் செய்யும்!" என்றது தாளமுத்து. "ஒரு சுற்றுக்கு ஐந்து காய் உனக்குப் பரிசு!"

வழக்கமான முப்பதோடு பரிசுக் காய்களும் சேர்ந்தன. பூவாயி மகிழ்ச்சியாகத் தின்றது. தோலை வளைக்கு வெளியே எறிந்தது.

பதினைந்தாம் நாள் நண்டு மறுபடி அளந்தது. தண்டை இரண்டு முறை வைத்துப் பார்த்தது. பிறகு மெல்லச் சொன்னது: "பத்தரைக் கொடுக்கு."

பூவாயிக்குக் கோபம் வந்தது. "ஓட்டமாம் ஓட்டம்! கால் வலிதான் மிச்சம்! எல்லாம் பொய்! இனி ஓட மாட்டேன்!"

தாளமுத்து சத்தமில்லாமல் தண்ணீருக்குள் போய்விட்டது.

அடைக்கலமும் வளைக்குள் போனது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்தபடியே பேசியது. "அக்கா, கோபித்துக்கொள்ளாதே. என் வளைக்குப் பின்னால் வந்து பார்."

அங்கே கடலைத் தோல்கள் பத்துப் பத்தாக வரிசையில் கிடந்தன.

"என்ன இது?"

"நீ தின்றது. ஒரு காய்க்கு இரண்டு தோல். அதனால் பாதியாகக் கணக்கிட்டேன். பதினைந்து நாளில் எழுபத்தைந்து சுற்று ஓடினாய். எண்ணூற்று இருபத்தைந்து காய் தின்றாய். ஓடாமல் இருந்திருந்தால் நானூற்று ஐம்பதுதான் தின்றிருப்பாய்."

பூவாயி வரிசைகளை ஒருமுறை சுற்றி வந்தது. "ஏன் தம்பி முன்பே சொல்லவில்லை?"

"கேட்காமல் சொல்லக் கூச்சமாக இருந்தது. தப்புத்தான், அக்கா. ஆனால் ஓட்டம் பொய் இல்லை. முதல் நாள் ஒரு சுற்றுக்கே நாக்குத் தள்ளியது. இன்று ஆறு சுற்று ஓடிவிட்டு என்னோடு சண்டை போடுகிறாய்!"

பூவாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் முதல் ஆறு சுற்று ஓட்டம், பதினைந்து காய் சாப்பாடு. முதல் மூன்று நாள் வயிறு இரைந்தது. தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டது. நான்காம் நாள் பழகிவிட்டது. இருபத்தேழாம் நாள் வயிறு எட்டேகால் கொடுக்கு.

"இன்னும் கால் கொடுக்குத்தான், அக்கா! மூன்று நாள் இருக்கிறது!"

ஆனால் மழை காத்திருக்கவில்லை. இருபத்தெட்டாம் நாள் காலையிலேயே கொட்டியது. குளம் வழியத் தொடங்கியது. பூவாயி நண்டை முதுகில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தது. மேட்டு வழியில் ஒரு நரி நின்றது!

"வா, வா! மழைக்குச் சூடான சாப்பாடு!" என்றது நரி.

இனிக் குளத்தைச் சுற்றித்தான் மேட்டுக்குப் போக வேண்டும். பூவாயி திரும்பி ஓடியது. நூற்று நாற்பத்தேழு முறை ஓடிய வழி அது. எங்கே முள், எங்கே சேறு என்று கால்களுக்குத் தெரியும். நரிக்குத் தெரியாது. அது சேற்றில் இரண்டு முறை வழுக்கி விழுந்தது. ஆனாலும் எழுந்து துரத்தியது.

பொந்து வந்தது. நண்டு முதலில் உள்ளே குதித்தது. பூவாயியின் தலை நுழைந்தது. முன்கால்கள் நுழைந்தன. வயிறு இறுகி நின்றது!

"மூச்சை வெளியே விடு, அக்கா! முழுதும் விடு!"

பூவாயி மூச்சை விட்டது. அந்தக் கால் கொடுக்கும் சுருங்கியது. உள்ளே சரிந்து விழுந்தது. நரியின் வாயில் ஒரு கொத்து முடிதான் மிஞ்சியது.

வெள்ளத்தில் மிதந்தபடி தாளமுத்து கத்தியது: "நூற்று நாற்பத்தெட்டாவது சுற்று!"

"இதற்கு எத்தனை காய்?" என்று பூவாயி உள்ளே இருந்து கேட்டது.

"ஒன்றும் இல்லை, அக்கா! மன்னித்துக்கொள்!"

"மன்னிப்பு எதற்கு? ஓடச் சொன்னது நீதானே. ஓடியிருக்காவிட்டால் பாதி வழியில் நரி வாயில் போயிருப்பேன். நீ நன்றாக இரு!"

பிறகு நண்டின் பக்கம் திரும்பியது. "தம்பி, நீ எண்ணியிருக்காவிட்டால் இந்த வாசலிலேயே முடிந்திருப்பேன்."

அடைக்கலம் கொடுக்கால் முகத்தை மூடிக்கொண்டது. "மூன்று மழை நீ என்னைச் சுமந்தாய், அக்கா. நான் தோலைத்தானே எண்ணினேன்?"

ஓட்டம் காலுக்கு வலுவையும் மூச்சுக்கு நீளத்தையும் தரும். உடம்பு இளைக்க வேண்டுமானால் ஓடியதோடு உண்டதையும் எண்ண வேண்டும், அதைக் கூச்சத்தை மீறி எடுத்துச் சொல்கிறவருக்கு நன்றியோடு இருக்க வேண்டும்.