பூஜை அறைச் சுவர்

தெய்வசிகாமணி குருவைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் மடத்துக்கு வந்தால் அவர் எதிரே தரையில்தான் உட்காருவார். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கையெழுத்தில்லாத காகிதத்தை லேசில் நம்பமாட்டார்.

அன்று ஒரு ரிப்போர்ட்டோடு வந்தார். அவர் வாங்க நினைத்த பழைய வீட்டை இன்ஜினியர் ஒருவர் சோதித்து எழுதிக் கொடுத்தது.

"படிக்கப் படிக்கப் பயமா இருக்கு சாமி. வாங்கலாமா, விட்டுடலாமா?"

அவர் மகள் பூங்கோதைக்கு ஒரு விபத்துக்குப் பிறகு நடக்க முடியாது. வாடகை வீடு இரண்டாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர அவள் வெளியே வந்தே ரொம்ப நாளாகிறது. சக்கர நாற்காலி நுழைகிற அகலத்தில் கதவுகளோடு, அவர் சக்திக்குள் கிடைத்த ஒரே வீடு இதுதான்.

"வாசிங்க" என்றார் குரு.

"கூடத்துச் சுவர்ல ஓதம். அடுப்படித் தரை இறங்கியிருக்கு. முன்சுவர்ல விரிசல். நல்ல சேதின்னா ஒண்ணே ஒண்ணுதான். பூஜை அறையில குறை எதுவும் இல்லை."

"அது மட்டும் எப்படித் தப்பிச்சது?"

"சாமி அறையாச்சே."

"அவர் சோதிச்சப்போ கூட இருந்தீங்களா?"

"இருந்தேன். சுவர் சுவரா சுத்தியலால தட்டி, காது குடுத்துக் கேட்டார்."

"பூஜை அறையில?"

தெய்வசிகாமணி யோசித்தார். "வாசல்லயே ஷூவைக் கழட்டினார். கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வந்துட்டோம்."

குரு எழுந்தார். மடத்துச் சாமான் அறையிலிருந்து ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

இருவரும் அந்தப் பழைய வீட்டுக்குப் போனார்கள். பூஜை அறைச் சுவரைத் தட்ட வேண்டும் என்றதும், வீட்டை விற்கிறவர் முகம் மாறியது. ஆனால் கேட்பது காவி. என்ன சொல்ல முடியும்? "இதுவரைக்கும் யாரும் அங்க கை வச்சதில்லை" என்று மட்டும் முனகினார்.

குரு கும்பிட்டார். சாமி படங்களை ஒவ்வொன்றாக இறக்கித் துணிமேல் வைத்தார். பிறகு தட்டினார். கீழே கெட்டியாகக் கேட்டது. மேலே போகப் போகச் சத்தம் பொத்தென்று ஆனது. இன்னொரு தட்டில் பூச்சு பெயர்ந்து விழுந்தது.

உள்ளே கரையான். படங்களுக்குப் பின்னால் இத்தனை காலமும் நிம்மதியாக வாழ்ந்து, மேலே உத்தரம் வரை ஏறியிருந்தது. அந்த உத்தரத்தின் மறுமுனை பக்கத்து அறைக்குள் போகிறது. பூங்கோதைக்கென்று தெய்வசிகாமணி மனதுக்குள் கட்டில் போட்டு வைத்திருந்த அறை அது.

சுவரைத் தொடப் போன அவர் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"இதைப் போய் விட்டுட்டாரே. அப்போ ரிப்போர்ட்டே பொய்யா சாமி?"

"அவர் தட்டின இடத்தையெல்லாம் நம்பலாம்."

தெய்வசிகாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. பயம்தான். இரண்டு கைகளையும் கூப்பினார்.

"இனிமே எனக்கு எந்தக் காகிதமும் வேண்டாம். என் பொண்ணு தலைக்கு மேல இருக்கப்போற கூரை இது. நீங்க வாங்குன்னா வாங்கறேன், வேண்டாம்னா விட்டுடறேன். நீங்க சொல்றதுதான் எனக்கு தெய்வ வாக்கு."

"கையை இறக்குங்க ஐயா" என்றார் குரு. சுத்தியலை அவரிடம் நீட்டினார்.

"உங்க பொண்ணு படுக்கப்போற அறையை நான் இன்னும் தட்டிப் பார்க்கலை."