பூட்டிய அறையில் மரிக்கொழுந்து

மலையடிவாரத்தில் தழைகளிலிருந்து தைலம் வடித்துவந்த தவமணியிடம் வீரபத்திரன் சீடராகச் சேர்ந்தார். குருவுக்கு அவருடைய மகள் வயதுதான். அதற்கெல்லாம் அவர் கூச்சப்படவில்லை. ஒன்றை நினைத்துவிட்டால் உடும்புப் பிடிதான் மனிதருக்கு.

அவர் மனைவி குருவம்மாள் தினமும் தலையில் மரிக்கொழுந்து வைப்பாள். அவள் இறந்த பிறகு, மரிக்கொழுந்துத் தைலத்தை முகர்ந்தால் போதும், அவளுடைய சிரிப்பு அப்படியே காதில் கேட்கும். சில மாதங்களாக அது கேட்கவில்லை. எங்கே அவளை மறந்தே போய்விடுவோமோ என்று பயந்துபோய்தான் மலையேறி வந்தார்.

"கடைத் தைலத்துல வீரியம் பத்தலை. நானே வடிச்சுக்கறேன், கத்துக்குடுங்கம்மா."

தவமணி சொல்லிக்கொடுத்தார். முதலில் வடித்ததில் சிரிப்பு கேட்கவில்லை. தழையை இரு மடங்காகப் போட்டு வடித்தார். அப்போதும் இல்லை. கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டேதான் இருந்தார்.

"வாசனை வருது, அவதான் வரலை. இன்னும் கெட்டியா வடிக்க என்ன செய்யணும்?"

தவமணி குப்பியை வாங்கி முகர்ந்தார்.

"தைலத்துல ஒரு குறையும் இல்லையே. வீட்டுல எப்படி மோந்து பாப்பீங்க?"

"காலையில எந்திரிச்சதும் கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திப் பூட்டிருவேன். துளி வாசனை வெளியே போயிடக்கூடாதில்ல?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஒத்தையில உக்காந்து அழுவேன்."

"அவங்க எப்போ சிரிப்பாங்க?"

வீரபத்திரனின் முகம் மலர்ந்தது.

"சாயங்காலம் தலைசீவி, மரிக்கொழுந்து வெச்சுக்கிட்டு வாசலுக்கு வருவா. தெருவே எங்க வீட்டுல கூடிரும். என்னைக் கிண்டல் பண்ணியே அத்தனை பேரையும் சிரிக்க வெப்பா. எனக்குக் கோபம் வர்ற மாதிரி நடிக்கணும், அதுக்கும் சிரிப்பா."

"அந்த வாசனை அந்தக் கூட்டத்தோட சேந்தது ஐயா. நீங்க அதைத் தினமும் அழுகையோட சேத்துட்டீங்க. இப்ப மோந்தா அழுகைதான் ஞாபகம் வரும்."

சொல்லிவிட்டு, குப்பியை இறுக மூடி அவர் கையில் கொடுத்தார்.

வீரபத்திரன் எழுந்துபோய் அடுப்பை அணைத்தார்.

"சரி, இனிமே ஒத்தையில திறக்கமாட்டேன். எப்போதான் திறக்கலாம்?"

"வீட்டுல நாலு பேர் உக்காந்து சிரிச்சுப் பேசுற நேரம் பாத்துத் திறங்க."

"எங்க வீட்டுக்கு இப்ப யாருமே வர்றதில்லையேம்மா."

"கதவைப் பூட்டி வெச்சா எப்படி வருவாங்க?"