பூட்டிய பிறகு திறந்த கடிதம்

பொய் சொன்னவரைக் கண்டுபிடிப்பதில் நீங்கள் கெட்டிக்காரர் என்றால், கோயம்புத்தூரில் நடந்த இந்தச் சங்கதியைக் கேளுங்கள். கேட்டு முடிக்கும்வரை யாரையும் திட்டிவிடாதீர்கள். நடுவில் திட்டத் தோன்றும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஒரு விடுதி. அங்கே மங்கையர்க்கரசி என்று ஒருவர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. அவருக்கு மஸ்கட்டில் ஒரு தம்பி உண்டு, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் தவறாமல் பேசிவிடுவார் என்பது விடுதி முழுக்கத் தெரிந்த சேதி. அந்த நேரம் வந்ததும் மங்கையர்க்கரசி தன் பட்டன் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விடுவார். "சாப்டியா சாமி? பாப்பாவுக்குக் காச்சல் உட்டுருச்சா?" என்று அவர் பேசுவது, காய்ந்த துணி எடுக்கப் போகிறவர்கள் காதிலும் விழும். இறங்கி வந்ததும் அறைத்தோழி ஜெசிந்தா ஆவலாகக் கேட்பாள்: "தம்பி என்னக்கா சொன்னாரு?" மங்கையர்க்கரசி ஒன்று விடாமல் சொல்வார். வாரம் முழுக்க அவர் வாய்விட்டுச் சிரிப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

போனின் மறுமுனையில் யாரும் இல்லை. தம்பி பேச்சை நிறுத்திப் பல வருடம் ஆகிவிட்டது, எண்ணையும் மாற்றிவிட்டான். கேட்க நாதியில்லாதவள் என்று நாலு பேர் பரிதாபப்படுவதை மங்கையர்க்கரசியால் தாங்க முடியாது. அதனால்தான் இந்த நாடகம்.

ஒரே ஓர் இடத்தில் அவர் உண்மையைச் சொன்னார். மனக்குறையை எழுதினால் பதில் எழுதும் ஆலோசனைச் சேவை ஒன்று இணையத்தில் இருந்தது. பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துத்தான் உள்ளே போக முடியும். அங்கே அவ்வப்போது எழுதுவார்: "போனில் யாரும் இல்லை. ஜெசிந்தா கேட்பாளே என்பதற்காகத்தான் மாடிக்குப் போகிறேன். அவள் கேட்காவிட்டால் எனக்கு ஞாயிற்றுக்கிழமையே கிடையாது."

எழுதியது விடுதியின் பொதுக் கம்ப்யூட்டரில். சாப்பாட்டுக்கூடத்தின் மூலையில் இருந்த அதற்கு ஒரு சம்பிரதாயம் உண்டு. காலையில் வார்டன் தன் பாஸ்வேர்டைப் போட்டு நெட்டைத் திறந்துவிடுவார். பிரௌசரை மூடினால் நெட் போய்விடும்; மறுபடி வார்டனைத் தேடிப் போய்த் திட்டு வாங்க வேண்டும். ஆகவே யாரும் மூடுவதில்லை. ஒருவர் எழுந்ததும் அதே பக்கத்தில் அடுத்தவர் உட்கார்ந்து தன் வேலையைப் பார்ப்பார். மூடிவிட்டுப் போகிறவள்தான் அங்கே மரியாதை தெரியாதவள்.

ஒரு சனிக்கிழமை மங்கையர்க்கரசி வழக்கம்போல எழுதி அனுப்பினார். அனுப்பியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். பிறகு ஞாபகமாக லாக் அவுட் செய்தார். வெளியேறிவிட்டதாகத் திரையில் வந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

அடுத்து உட்கார்ந்தவள் ஜெசிந்தா. திண்டுக்கல்லுக்கு பஸ் டிக்கெட் போட வேண்டும். முகவரியை அடிக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. விடுதி முழுக்க நெட் போய்விட்டது. "ஐயோ, என் படம் பாதியில நின்னுருச்சே!" என்று மாடி அறையிலிருந்து ஒருத்தி கத்தினாள். ஜெசிந்தா எரிச்சலில், பின்னால் போகும் அம்புக்குறியை இரண்டு மூன்று முறை அழுத்தினாள். கடிதம் வந்து நின்றது.

மறுநாள் மங்கையர்க்கரசி மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஜெசிந்தா ஒன்றும் கேட்கவில்லை. முகம் பார்க்காமல், மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன கண்ணு, தம்பியக் கேக்கலியா?"

ஜெசிந்தா அழுதுவிட்டாள். "படிச்சுட்டேன்க்கா. நீங்க எழுந்து போனப்புறம் பின்னாடி அம்பை அமுக்கினேன், தானா வந்துச்சு. சத்தியமா உங்க பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது."

தானாக வருமா? மங்கையர்க்கரசி நம்பவில்லை. திங்கட்கிழமை அந்தச் சேவைக்கே போன் போட்டார். பொறுப்பாளர் வரதராஜன் பதிவுகளைப் பார்த்துவிட்டு அடித்துச் சொன்னார்: "நீங்க சரியா லாக் அவுட் பண்ணியிருக்கீங்க மேடம். அதுக்கப்புறம் அந்தக் கடிதத்தை எங்ககிட்டயிருந்து யாருமே எடுக்கல. எங்க பக்கம் தப்பே இல்ல."

மங்கையர்க்கரசி கணக்குப் போட்டார். பிறகு யாரும் எடுக்கவில்லை என்றால், முன்பு எழுதிய கடிதங்களைத்தான் அவள் படித்திருக்க வேண்டும். அப்படியானால் ஜெசிந்தா தன் பாஸ்வேர்டை என்றைக்கோ திருடிவிட்டாள். எல்லாம் தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு ஞாயிறும், "தம்பி என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டு உள்ளுக்குள் சிரித்திருக்கிறாள். இருந்த ஒரே ஒரு மனுஷியும் இப்படியா? அன்று மாலையே அறையைக் காலி செய்வதாக வார்டனிடம் சொல்லிவிட்டார்.

லாக் அவுட் செய்ததாகச் சொல்கிறார் மங்கையர்க்கரசி. அதற்குப் பிறகுதான் கடிதம் தானாக வந்தது என்கிறாள் ஜெசிந்தா. பிறகு யாரும் எடுக்கவே இல்லை என்கிறார் வரதராஜன். சொல்லுங்கள், மூவரில் பொய் சொன்னது யார்? கடிதம் வெளியானது யார் தவறால்?

விடை: ஒருவரும் பொய் சொல்லவில்லை. மழையில் நெட் போன பிறகுதான் கடிதம் திரைக்கு வந்தது. ஆகவே அது வரதராஜனிடமிருந்து வந்திருக்க முடியாது. பார்த்த பக்கத்துக்கு ஒரு பிரதி எடுத்துத் தன்னிடமே வைத்துக்கொள்வது பிரௌசரின் பழக்கம். ரகசியமான பக்கத்தை அனுப்புகிறவர், "இதற்குப் பிரதி வைக்காதே" என்று அதனோடு கட்டளையும் சேர்த்து அனுப்ப வேண்டும். வரதராஜனின் ஆட்கள் அதைச் செய்யவில்லை, தவறு அவர்களுடையது. ஜெசிந்தா முதல் வரியோடு கண்ணை எடுத்திருக்கலாம், அந்தக் குற்றம் மட்டும் அவளுக்கு உண்டு. ஆனால் அவள் திருடவில்லை. அதுவரை அவள் கேட்ட ஒவ்வொரு கேள்வியும் உண்மையான ஆசையில் கேட்டதுதான். இதை எடுத்துச் சொல்ல அந்த விடுதியில் ஒருவரும் இல்லை. ஆட்டோ வந்தபோது ஜெசிந்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். மங்கையர்க்கரசி அதை அவள் கையிலிருந்து வாங்கி, தானே ஏற்றிக்கொண்டார்.