கேத்தன் கேட்ட புகார்

சரணாலய வழிகாட்டி கேத்தன் காகிதத்தில் பன்னிரண்டு வருடமாகத் தற்காலிக ஊழியர். காட்டுக்குத்தான் அவர் நிரந்தரம்.

குட்டியோடு நின்ற யானையைக் கண்டதும் காடு பார்க்க வந்திருந்த கான்ட்ராக்டர் ரத்தினசபாபதி ஜீப் கதவைத் திறக்கப் போனார். கேத்தன் கதவை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நான் யார் தெரியுமாடா? புகார் எழுதினா நாளைக்கு உனக்கு வேலை இருக்காது!"

கேத்தன் புகார்ப் புத்தகத்தை நீட்டினார். "நடந்ததை அப்படியே எழுதுங்கய்யா. குட்டி போட்ட யானை முன்னால இறங்கப் போனேன், இவன் விடலைன்னு. வேலையை நிரந்தரமாக்க நற்சான்று கேக்குறாங்க. இதைவிட நல்ல சான்று எனக்கு யார் தருவாங்க?"

கான்ட்ராக்டர் பேனாவை எடுக்கவில்லை.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்த நர்ஸம்மா ஒருவர் கை நீட்டினார். "இப்படிக் கொடுங்க தம்பி, நான் எழுதுறேன்." ஜீப்பிலிருந்த மற்ற நான்கு பயணிகளும் கையெழுத்துப் போட்டார்கள்.

"அய்யாவும் சாட்சிக்கு ஒண்ணு போட்டீங்கன்னா பலமா இருக்கும்," என்றார் கேத்தன்.