வீட்டுப் பாத்தி

மலையடிவாரத்து மடத்தின் வாசலில், குருவின் முன்னால், மாரப்பன் கூடையை இறக்கி வைத்தான். கூடை நிறையக் கத்திரிக்காய்.

"தைரியமா ஆக்கிச் சாப்பிடலாம் சாமி. பூச்சிமருந்து படாத பாத்திங்க. நம்ம வீட்டுக்கும் உங்களுக்கும்னு ஓரமா விட்டு வெச்சிருக்கறது. சந்தைக்குப் போறது வேற."

குரு காயைத் தொடவில்லை.

"மூஞ்சி ஏன் வாடிக் கெடக்குது?"

அவன் தோட்டத்தில் மருந்தடிக்கும் சின்ராசு பெரியாஸ்பத்திரியில் கிடந்தான். நேற்று மருந்து டேங்க் முதுகில் இருக்கும்போதே நுரை தள்ளி வரப்பில் விழுந்தவன், இன்னும் கண் திறக்கவில்லை. அந்த நுரை மாரப்பனைத் தூங்க விடவில்லை.

"அவன் நெத்தியில வைக்கத் திருநீறு குடுங்க சாமி. நாளைக்கு அவன் தம்பி டேங்க்கை எடுக்கறான். அவனுக்கும் கொஞ்சம்."

"மறுபடியும் மருந்தடிக்கப் போறியா?"

"பாதித் தோட்டம் அப்படியே நிக்குதுங்களே. புழு சும்மா விடுமா?"

குரு வயதில் அவனைவிட இளையவர். இத்தனை வருஷத்தில் அவர் குரலை உயர்த்தி அவன் கேட்டதில்லை. இப்போதும் உயர்த்தவில்லை. தாடை மட்டும் இறுகியது.

"எப்படி விழுந்தான்? சொல்லு."

"காத்து திரும்பிடுச்சுங்க. சாரல் வீட்டுப் பாத்தி மேல வந்துச்சு. பாத்திக்கு முதுகைக் காட்டி நின்னு அடிடான்னேன். அடிச்சான்."

"அப்ப சாரல் யார் மேல?"

"துண்டு கட்டியிருந்தானுங்க. மூஞ்சிக் கவசம், கையுறையெல்லாம் இவங்க போட மாட்டாங்க சாமி. வேர்க்குதும்பாங்க."

"வாங்கிக் குடுத்தியா?"

மாரப்பன் கூடையைப் பார்த்தான்.

குரு உள்ளே போய் அடுப்புச் சாம்பலை இரண்டு கையாலும் அள்ளி வந்து அவன் கைகளில் கொட்டினார். வாசலில் காற்று பலமாக அடித்தது. கூடையைக் காலால் நகர்த்தி அவனுக்குப் பின்னால் வைத்தார்.

"திருநீறு கேட்டியே. கூடைக்கு முதுகைக் காட்டி நில்லு. எதிர்காத்துல வீசு."

"சாமி, கண்ணுல விழுமுங்க."

"வீசுடா."

வீசினான். அத்தனை சாம்பலும் திரும்பி முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. குனிந்து இருமினான்; எச்சில் தரையில் ஒழுகியது. தண்ணீருக்குக் கையை நீட்டித் துழாவினான்.

குரு கூடைக்குள் எட்டிப் பார்த்தார்.

"காய்க்கு ஒண்ணும் ஆகல."

மாரப்பன் இருமலுக்கு நடுவே பேசினான். கண் இன்னும் திறக்கவில்லை.

"வேணும்னு செய்யலீங்க சாமி. சின்ராசை என் பையன் மாதிரிதான் பாத்துக்கிட்டேன். அவன் தம்பியையும் அப்படித்தான்..."

"பையன் மாதிரியெல்லாம் வேண்டாம்," என்றார் குரு. "அவன் தம்பியை உன் வீட்டுக் கத்திரிக்காய் மாதிரி பாத்துக்க."