மூன்றாம் மணி

அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோவிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆராதனைக்கு முன் மூன்று தடவை மணி அடிப்பார்கள். முதல் மணிக்கு ஊர் பல் தேய்க்கும். இரண்டாம் மணிக்குக் குளிக்கும். மூன்றாம் மணிக்குத்தான் வீட்டை விட்டு இறங்கும். முதல் மணிக்கே வந்து உட்காருகிறவர் ஒருவர்தான். தவசிங். அவரை ஊர் கேலி செய்யும்.

அவருடைய அண்ணன் அருமைநாயகம் ரைஸ்மில் வைத்திருந்தார். அறுபதைத் தாண்டியவர். சனிக்கிழமை சாயங்காலம், கோவில் ஊழியம் பார்க்கும் உபதேசியார் ஆசீரிடம் வேதம் படிக்க வருவார். ஆசீருக்கு அவர் மகன் வயதுதான். ஆனாலும் ஆசீரை ஐயா என்றுதான் கூப்பிடுவார். பாயில்தான் உட்காருவார்.

இயேசு சிலுவையில் மரித்த நாளான பெரிய வெள்ளி ஆராதனையில் அருமைநாயகம் வாய்விட்டு அழுதார். முடிந்ததும் ஆசீரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பிகிட்ட போன்னு ஆண்டவர் சொல்லிட்டாரு, ஐயா. பக்கத்துல நின்னு சொன்ன மாதிரி இருந்துச்சு."

அம்மாவின் கல்லறைக் கல்லில் மகன் என்று தன் பெயரை மட்டும் வெட்டி, தம்பியின் பெயரை விட்டவர் அவர். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

பெரிய வெள்ளி போய், ஊர் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை வந்தது. மில்லுக்குப் புது மோட்டார் வந்தது. ஐப்பசி மழை வந்தது. அருமைநாயகம் தம்பி வீட்டுக்குப் போகவில்லை.

அந்தச் சனிக்கிழமை ஆசீர் வேதப்புத்தகத்தைத் திறக்கவில்லை.

"உங்க தம்பி நாளைக்குக் காலையில மும்பைக்குப் போறாராம். இனி மகன் வீட்டோடதானாம். இங்க வீட்டையும் வித்தாச்சு."

"கேள்விப்பட்டேன்."

"இப்பவே போங்க. பக்கத்துத் தெருதானே."

"மூட்டை கட்டிக்கிட்டு இருப்பான். இந்நேரம் போய் நின்னா நல்லா இருக்காது. காலையில கோவிலுக்கு வருவான்லா, பாத்துக்கிடுதேன்."

அருமைநாயகம் பாயில் நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஐயா, ஆண்டவர் ஒரு மனுஷனை எத்தனை தரம் கூப்பிடுவாரு?"

"எதுக்குக் கேக்கீங்க?"

"வேதத்துல, ஆலயத்துல படுத்திருந்த அந்தச் சின்னப் பையனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாரே. அந்தப் பொறுமையை என்கிட்டயும் காட்டுவாருல்லா?"

சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆசீர் சிரிக்கவில்லை.

"அவன் ஒவ்வொரு தரமும் எந்திரிச்சுக் குருகிட்ட ஓடினான், அண்ணாச்சி. கூப்பிட்டது யாருன்னுதான் அவனுக்குத் தெரியல. நீங்க தெரிஞ்சுக்கிட்டே போர்வையை இழுத்து மூடுதீங்க."

அருமைநாயகத்தின் முகம் கறுத்தது.

"வயசுல சின்னவரு நீங்க. பாத்துப் பேசுங்க."

வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் ஆராதனையில் வேதபாடம் வாசிக்கும் முறை அவருடையது. அதனால் மூன்றாம் மணிக்குச் சற்று முன்பே வந்துவிட்டார். சலவை வேட்டி. தோளில் நேரியல். மணிக்கூண்டின் கீழே ஆசீர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுக்கவில்லை.

"உங்க தம்பி முதல் மணிக்கே வந்துட்டாரு" என்றார் ஆசீர். "ரெண்டாம் மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு."

"எங்க அவன்?"

"பஸ்ஸுக்குப் போயிட்டாரு. அந்தா."

கோவில் வாசலிலிருந்து பார்த்தால் வயலுக்கு அப்பால் மெயின் ரோடு தெரியும். ஸ்டாப்பில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தார். காலடியில் இரண்டு பை. குடையை விரித்துப் பிடித்திருந்தார்.

"பஸ் இன்னும் வரல. போங்க."

"பாடம் வாசிக்கணுமே."

"நான் வாசிக்கேன்."

"நீங்க மூணாம் மணியை அடிங்க, ஐயா. ஜனம் வரட்டும்."

"நீங்க போய்ட்டு வர்ற வரைக்கும் அடிக்க மாட்டேன்."

அருமைநாயகம் ரோட்டைப் பார்த்தார். வரப்பைப் பார்த்தார். மழைத் தண்ணீர் நின்றது. வேட்டிக் கரையைக் கொஞ்சம் தூக்கினார். பிறகு விட்டுவிட்டார்.

மணி அடிக்காததால் ஆட்கள் ஒவ்வொருவராக என்னவென்று பார்க்க வந்தார்கள். ஈரத்தலையோடு வந்த கிரேனாப்பூ ஆச்சி கூண்டை அண்ணாந்து பார்த்தாள்.

"என்ன உபதேசியாரே, கயிறு அத்துப் போச்சா? கை சுளுக்கிக்கிட்டா?"

"ஒண்ணுமில்ல ஆச்சி. அண்ணாச்சிக்காக நிக்கேன்."

"அவருதான் இங்கனயே நிக்காரே!"

சிரித்தார்கள். அருமைநாயகம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆசீரின் பக்கத்தில் வந்தார்.

"இத்தனை பேரு முன்னால வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டுச் சேத்துல ஓடச் சொல்லுதீங்களா?"

"ஆமா."

"நான் மூத்தவன்."

"ஆமா. ஓடுங்க."

"என்னைக் கேவலப்படுத்தணும்னே நிக்கீங்க."

"கேவலமா?" ஆசீரின் குரல் உயர்ந்தது. கூட்டம் பேச்சை நிறுத்தியது. "பெரிய வெள்ளிக்கு இதே வாசல்ல என் கையைப் பிடிச்சு அழுதது யாரு? சட்டைக் கை நனைஞ்சு போச்சு எனக்கு. அந்த அழுகையை நம்பி நான் முழங்கால்ல நின்னு ஸ்தோத்திரம் சொன்னேன். வெட்கமா இருக்கு எனக்கு."

வளைவில் ஹாரன் கேட்டது.

"ஓடுங்க அண்ணாச்சி. கத்திக் கூப்பிடவாவது செய்யுங்க. திரும்பிப் பாப்பாரு."

அருமைநாயகம் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஸ்டாப்பில் குடை மடங்கியது. அந்த ஆள் கோவில் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பஸ் வந்து மறைத்தது. நகர்ந்தபோது ரோட்டில் யாரும் இல்லை.

ஆச்சி முக்காட்டை இழுத்துக்கொண்டு கோவிலுக்குள் போனாள். மற்றவர்களும் போனார்கள்.

அருமைநாயகம் நேரியலைச் சரிசெய்தார். தொண்டையைச் செருமினார்.

"கிறிஸ்மஸுக்கு எப்படியும் வருவான். அப்ப பேசிக்கிடுதேன், ஐயா. நீங்க மணியை அடிங்க."

ஆசீர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவருடைய கையைப் பிடித்து இழுத்து, கயிற்றை அதில் திணித்தார்.

"இனி நீங்க கூப்பிடுங்க, அண்ணாச்சி. எத்தனாவது மணிக்கு ஆண்டவர் எந்திரிச்சு வர்றாருன்னு பாப்போம்."