நரி கட்டிய பாட்டு

கம்பங்கொல்லை ஓரத்து வளையில் முயல்கள் வாழ்ந்தன. பொழுது சாய்ந்ததும் காவலுக்கு நிற்கும் கொள்ளு மாமா புதுசாக இரண்டடிப் பாட்டு ஒன்று கட்டிப் பாடுவார். இரண்டு அடியிலும் முதல் வார்த்தையின் இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால், அதாவது எதுகை சரியாக இருந்தால், வெளியே ஆபத்தில்லை என்று அர்த்தம்.

காலம் போகப் போக, எதுகையை யார் பார்த்தார்கள்? பாட்டுக் கேட்டதும் ஓட்டம்தான்! மொச்சை என்ற தாய் முயல் மட்டும் விடாமல் பிரித்துப் பார்ப்பாள்.

"போதும் அண்ணி! சீர் எண்ணினால் வயிறு நிறையுமா?" என்று அவரை என்ற பெயர் கொண்ட அவள் நாத்தனார் கேலி செய்வாள்.

அன்றைக்கும் பாட்டு வந்தது.

"தேனாய் இனிக்கும் புல்லிருக்கு!
ஓடி வாங்க, விருந்திருக்கு!"

"ஆகா, என்ன இனிமை!" என்றாள் அவரை. மொச்சையின் குட்டிகள் வாசலுக்குப் பாய்ந்தன.

மொச்சை குறுக்கே பாய்ந்தாள். "நில்லுங்கள்! அடிக்கு மூன்று சீர், சரி. கடைசியில் ஓசையும் சரி. முதலில் 'தேனாய்', அடுத்து 'ஓடி'. எதுகை எங்கே?"

"மாமாவுக்கு வயசாச்சு, அண்ணி!"

"மாமாவுக்குச் சோறு மறக்கும், எதுகை மறக்காது!" குட்டிகளைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, "பாட்டில் குறை இருக்கு!" என்று வெளியே பார்த்துக் கத்தினாள்.

வெளியே இருந்தது சடையன் நரி. பல நாள் புதரில் ஒளிந்து, ஒட்டுக்கேட்டு, முயல் குரலில் கட்டிய பாட்டு அது. அவனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"என் பாட்டிலா குறை? மறுபடி கேள்!"

"இன்னும் சரியில்லை!"

அவ்வளவுதான். குரலை மாற்றக்கூட மறந்து ஊளையிட்டுப் பாடினான். கொல்லைக்காரரின் நாய் சும்மா இருக்குமா? குரைத்தபடி பாய்ந்து வந்தது. சடையன் பின்னங்கால் பிடரியில் பட ஓடினான். துரத்திக்கொண்டே நாயும் ஓடையைத் தாண்டிப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து, நரியைக் கண்டு முள்ளுக்குள் பதுங்கியிருந்த மாமாவின் குரல் நடுங்கிக்கொண்டே வந்தது.

"நாடி வந்த நரிபோச்சு!
ஓடி வாங்க பசியாற!"

"நாடி, ஓடி! எதுகை இருக்கு அம்மா!" என்று குட்டிகள் கூவின. அவரைதான் முதலில் எழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தாளாம்! பிறகு எல்லோரும் வயிறு முட்டப் புல் தின்றார்கள்.

காதுக்கு இனிக்கிறதே என்று மயங்காமல், கட்டியிருக்கும் விதத்தையும் பார்க்கிறவர்கள் ஏமாறுவதில்லை.